தேர்தல் முடிவு பிடிக்கவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் டீக்கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கானவை. உள்ளாட்சிக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு.

1. "பாதிப் பேருக்கு மேல அவருக்கு ஓட்டே போடலை. அப்புறம் எப்படி ஜெயிச்சதா ஒத்துக்கிறது?"

நம் முறையில் ஒரு தொகுதியில் மற்ற எல்லாரையும்விட ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினால் போதும். பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. ஐந்து முனைப் போட்டியில் 32 சதவீதம் வாங்கியவர் எம்எல்ஏ ஆவது இயல்பு. மாநில அளவில் இதன் விளைவு இன்னும் கடுமையாகத் தெரியும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கி 39-ல் 37 இடங்களை எடுத்தது. திமுக 23 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

இந்த முறை நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கோருவது மதிக்கத்தக்க அரசியல் நிலைப்பாடு. ஆனால் அது விதியை மாற்றச் சொல்லும் கோரிக்கை. எல்லாரும் ஒரே விதியை ஏற்று ஆடிய ஆட்டத்தின் முடிவை அது ரத்து செய்யாது. நோட்டாவும் அப்படித்தான்: 2024-ல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கும் மேல் விழுந்தது, வேட்பாளர்களில் முதலிடம் வந்தவரே எம்பி ஆனார்.

2. "முடிவை ஏத்துக்கிட்டா அவங்க கொள்கையையும் ஏத்துக்கிட்டதா ஆயிடாதா?"

ஆகாது. முடிவை ஏற்பது என்றால், அடுத்த தேர்தல் வரை அந்தப் பதவியின் பெயரில் கையெழுத்துப் போடும் உரிமை இவருக்குத்தான் என்று ஒப்புக்கொள்வது. அவ்வளவுதான். அவர் சொல்வது சரி என்றோ, நீங்கள் நம்பியது தப்பு என்றோ அதற்குப் பொருள் இல்லை. பதவியேற்ற அன்றே அவர் போடும் முதல் உத்தரவை எதிர்த்து நீங்கள் துண்டறிக்கை அடிக்கலாம்.

டெபாசிட் போனவர்களுக்கும் இது பொருந்தும். பதிவான செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் காப்புத்தொகை (சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்குப் பாதி) திரும்பக் கிடைக்காது. போவது பணம் மட்டுமே.

3. "காலையில எங்க ஆளு லீடிங். மதியத்துக்குள்ள எப்படி மாறும்? எங்கேயோ இடிக்குதே."

காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளை எடுப்பார்கள். 8.30-க்கு இயந்திரங்களின் எண்ணிக்கை தொடங்கும். ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பொதுவாக 14 மேசைகள். மேசைக்கு ஒரு வாக்குச்சாவடியின் கன்ட்ரோல் யூனிட் (வாக்குகள் பதிவாகியிருக்கும் இயந்திரப் பகுதி) வரும், ஆக 14 சாவடிகள் சேர்ந்தது ஒரு சுற்று. 280 சாவடிகள் இருந்தால் 20 சுற்று.

கவனிக்க வேண்டியது வரிசை. இயந்திரங்கள் சாவடி எண்படி மேசைக்கு வருகின்றன. பக்கத்துப் பக்கத்து எண்கள் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அதனால் முதல் ஐந்து சுற்று முழுக்க நகரப் பகுதியாகவும், அடுத்த ஏழு சுற்று ஒரே ஒன்றியமாகவும் அமைந்துவிடும். உங்கள் கட்சிக்குப் பலமான பகுதி முன்னால் வந்திருந்தால் காலையில் லீடிங். அது தீர்ந்ததும் சரிவு. டிவியில் ஓடும் எண்ணிக்கையும், மையத்தில் சுற்றுவாரியாக அறிவிக்கும் எண்ணிக்கையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிவி முந்திக்கொள்ளும், சில சமயம் தப்பாகவும் முந்தும்.

4. "சரியாத்தான் எண்ணினாங்கன்னு நான் எதை வச்சு நம்புறது?"

ஆளை வைத்து அல்ல, காகிதத்தை வைத்து. வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடித் தலைமை அலுவலர் 17-சி படிவத்தை நிரப்புவார். எந்த இயந்திரம், அதன் எண் என்ன, எத்தனை வாக்கு பதிவானது, எந்த முத்திரைகள் ஒட்டப்பட்டன என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே இருக்கும் ஒவ்வொரு பூத் ஏஜென்டுக்கும் அதன் நகல் தரவேண்டும். எண்ணும் நாளில் அதே சாவடியின் யூனிட் மேசைக்கு வரும்போது, எண்ணிக்கை முகவர் தன் கையிலுள்ள நகலோடு மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: யூனிட் எண், முத்திரை எண், மொத்த வாக்கு. மூன்றும் பொருந்தினால்தான் ரிசல்ட் பட்டனை அழுத்த விடவேண்டும். வேட்பாளர்வாரி வாக்குகள் 17-சியின் இரண்டாம் பகுதியில் ஏறும். எல்லாச் சாவடிகளும் கூடி, தொகுதியின் முடிவுத் தாளான படிவம் 20 ஆகும்.

அதற்கு மேல், 2019 உச்ச நீதிமன்ற உத்தரவின்படி ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் எடுத்த 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை (யாருக்கு வாக்கு விழுந்தது என்று இயந்திரம் அச்சிடும் சீட்டு) கையால் எண்ணுகிறார்கள். சீட்டும் இயந்திரமும் முரண்பட்டால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும்.

உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்றால், நீங்கள் நம்பும் கட்சியின் பூத் ஏஜென்டிடம் 17-சி நகலைக் கேளுங்கள், படிவம் 20-ல் அதே சாவடி வரியோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை. பெரும்பாலான கூச்சல் நகலே வாங்காத சாவடிகளிலிருந்துதான் கிளம்புகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் ஏஜென்ட் சாப்பிடப் போய்விடுவார், நகல் வாங்க ஆள் இருக்காது.

5. "17-சியில ஒரு எண்ணு, மெஷின்ல வேற எண்ணு. இது மோசடிதானே?"

மோசடியாக இருக்கலாம், ஆனால் முதலில் வழக்கமான காரணங்களைத் தள்ளிவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வரவேண்டும். அதிகம் நடப்பது மாதிரி வாக்குப்பதிவைத் துடைக்க மறப்பது. காலையில் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்கு போட்டுக் காட்டி, குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று வரிசையாக அழுத்தி அழிக்க வேண்டும். கிளியர் விட்டுப்போனால் அந்த 50-ம் உண்மையான வாக்குகளோடு கலந்துவிடும். அப்படிப்பட்ட யூனிட்டை எண்ணாமல் ஒதுக்கி வைத்து, அதன் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வாக்களிக்காமல் திரும்பியவர்களாலும் ஒன்றிரண்டு குறையும். வெறும் கூட்டல் பிழையும் உண்டு.

மாலை 5 மணிக்குச் சொன்ன சதவீதம் இரவில் ஏறியது என்பதும் இதே ரகம். முதலில் வருவது வெறும் உத்தேசம். நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து அதன் பிறகும் வாக்களிக்க விடுகிறார்கள்.

விடக்கூடாதவை வேறு: யூனிட் எண் நகலோடு பொருந்தாமல் இருப்பது, முத்திரை கிழிந்திருப்பது, சாவடியில் பெயர் உள்ளவர்களைவிட வாக்கு அதிகம் இருப்பது. அந்த இடத்திலேயே தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாயால் கத்தியதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

6. "மறு எண்ணிக்கை கேட்டா கொடுத்தே ஆகணும்தானே?"

இல்லை. மொத்த வாக்குகளை அறிவித்ததும் அலுவலர் ஓரிரு நிமிடம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் வேட்பாளரோ, அவர் இல்லையென்றால் அவருடைய தேர்தல் முகவரோ எண்ணிக்கை முகவரோ எழுத்தில் கேட்க வேண்டும், எதை, ஏன் என்று காரணத்தோடு. "வித்தியாசம் குறைவு" என்பது தனியாக ஒரு காரணம் ஆகாது. "9-ம் சுற்று, 4-ம் மேசை, சாவடி 117-ல் எங்கள் குறிப்பும் அறிவித்ததும் ஒத்துப்போகவில்லை" என்பது காரணம். அலுவலர் முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கலாம், நிராகரிக்கலாம். எதுவானாலும் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். விவிபாட் சீட்டுகளை எண்ணச் சொல்லும் மனுவும் இதே நேரத்தில்தான். படிவம் 20-ல் அலுவலர் கையெழுத்துப் போட்டபின் அந்தக் கதவு மூடிவிடும்.

தபால் வாக்கில் மட்டும் தானாகவே நடக்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு: எண்ணும்போது செல்லாதவை என்று தள்ளியவற்றின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், தள்ளியவற்றை மறுபடி பார்க்க வேண்டும். 2021-ல் தியாகராய நகர் வித்தியாசம் வெறும் 137. இந்த மாதிரித் தொகுதிகளில் தபால் வாக்கு மேசைக்கு அனுபவமுள்ள ஆளை உட்காரவைக்காத கட்சி பிறகு வருத்தப்படும்.

7. "ரிசல்ட் அறிவிச்சாச்சு. இனி என்ன செய்யலாம்? சாதாரண வாக்காளரா நான் கேஸ் போட முடியுமா?"

முடியும். இரண்டு கெடு ஓடுகிறது. முதலாவது 7 நாள். 2024 ஏப்ரல் 26 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் கேட்டால் ஒரு சட்டமன்றப் பகுதியின் 5 சதவீத இயந்திரங்களை, அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சரிபார்ப்பார்கள். செலவு கேட்பவருடையது, தில்லுமுல்லு இருந்தால் பணம் திரும்பும்.

இரண்டாவது 45 நாள். உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு. வேட்பாளரும் போடலாம், அந்தத் தொகுதியின் வாக்காளரும் போடலாம். 2,000 ரூபாய் காப்புத்தொகை கட்டி, ஒவ்வொரு எதிர்மனுதாரருக்கும் ஒரு நகலை நீங்களே கையெழுத்திட்டுச் சான்றளித்து இணைக்க வேண்டும். தோற்றவரை வென்றவராக அறிவிக்கக் கோரினால் போட்டியிட்ட எல்லாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். பணப்பட்டுவாடா போன்ற முறைகேடு (சட்டத்தின் வார்த்தையில் ஊழல் நடவடிக்கை) சொன்னால் யார், எப்போது, எங்கே என்பதோடு படிவம் 25-ல் தனி உறுதிமொழி. ஒரு நாள் தாமதத்தையும் மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை. வழக்கு இல்லையென்றால் 45 நாளுக்குப் பிறகு வீடியோ பதிவுகளையும் அழித்துவிடலாம்.

பல மனுக்கள் சாட்சி விசாரணைக்கே போகாமல் விழுவது இந்தச் சடங்குகளில்தான். மேலும் எண்ணிக்கைத் தவறு என்று சொன்னால், அந்தத் தவறு முடிவையே மாற்றியிருக்கும் என்று காட்ட வேண்டும். 9,000 வாக்கில் தோற்றவர் 60 வாக்குக் குளறுபடியை நிரூபித்துப் பயனில்லை. வென்ற வேட்பாளரே செய்த ஊழல் நடவடிக்கை நிரூபணமானால் இந்தக் கணக்கு வேண்டாம்.

8. "கேஸ் போட்டு என்ன ஆகப்போகுது? அதுக்குள்ள அஞ்சு வருஷம் முடிஞ்சிடும்."

இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆறு மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடப்பது வேறு. 2016-ல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை 49 வாக்கில் திமுகவின் அப்பாவுவை வென்றதாக அறிவிப்பு. தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பம் இட்ட காரணத்தால் தள்ளப்பட்ட 203 தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 2019 அக்டோபர் ஆகிவிட்டது. எண்ணினார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, அவையின் காலமே முடிந்தது. அப்பாவு 2021-ல் அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார்.

மற்ற பக்கமும் உண்டு. தென்காசியில் 2021-ல் வித்தியாசம் 370. நீதிமன்ற உத்தரவுப்படி 2023 ஜூலையில் தபால் வாக்குகளை மறுபடி எண்ணினார்கள், வென்றவரே வென்றார். கேரளத்தின் பரவூரில் 1982-ல் முதன்முதலாக 50 சாவடிகளில் இயந்திரம் வைத்தபோது, தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாவடிகளில் மறு வாக்குப்பதிவு நடத்தச் சொன்னது, அவர் வென்றார். 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் ரேபரேலி வெற்றியைச் செல்லாது என்றதும் ஒரு தேர்தல் மனுவில்தான். அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

9. "கேஸ் நடக்குது. அதுவரைக்கும் அவரை எம்எல்ஏன்னு சொல்லணுமா?"

ஆமாம். தடை உத்தரவோ தீர்ப்போ வரும்வரை அவர்தான் உறுப்பினர். தொகுதி மேம்பாட்டு நிதியும் அவர் பரிந்துரையில்தான் ஓடும். நீங்கள் அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்பதால் மனு கொடுக்கக் கூச வேண்டாம். அந்தப் பணம் கட்சியுடையது அல்ல.

10. "எங்க தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இப்போ குடிதண்ணி ஒழுங்கா வரலை."

படிவம் 20 சாவடிவாரியாக வெளிவருவதால் வரும் வினை இது. ஒரு சாவடி ஒரு காலனி மட்டும் என்றால் அந்தக் காலனியின் மனம் ஊருக்கே தெரிந்துவிடும். பல சாவடிகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையமே பரிந்துரைத்தது, நடைமுறைக்கு வரவில்லை. வரவேண்டும் என்பது எங்கள் கருத்து, 4-ம் பதிலில் சொன்ன சரிபார்ப்பு அதனால் கொஞ்சம் கடினமானாலும்கூட.

புகாரில் அரசியலைக் கொண்டுவராதீர்கள். "எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வீட்டுக்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்" என்று மட்டும் எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பழிவாங்கல் என்று எழுதினால் அதை நிரூபிக்க வேண்டிவரும். தண்ணீர் வரவில்லை என்பதை நிரூபிக்க ஒரு குடம் போதும். யாருக்குப் போட்டீர்கள் என்று எவர் கேட்டாலும் சொல்லவேண்டிய கடமை இல்லை. நீதிமன்றத்தில்கூடச் சாட்சியை அப்படிக் கேட்டு வற்புறுத்த முடியாது.

11. "எங்க கட்சி ஜெயிக்கும்னு மச்சான்கிட்ட பைக்கைப் பந்தயம் கட்டிட்டேன். கொடுக்கணுமா?"

1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-ம் பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. மச்சான் வழக்குப் போட்டு வாங்க முடியாது. பைக்குக்குப் பதில் ஒரு பிரியாணியோடு முடித்துக்கொள்ளுங்கள். பாதி மீசை, மொட்டை பந்தயங்களைச் சிரித்துக்கொண்டே நிறைவேற்றலாம், ஆனால் வீடியோ எடுத்துப் பரப்பக்கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். சண்டை பெரும்பாலும் அந்த வீடியோவில்தான் வருகிறது.

12. "அப்பா ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. ரிசல்ட் வந்ததிலேர்ந்து பேச்சே இல்லை."

பேச்சு நின்றதற்குக் காரணம் எந்த வகை என்று பாருங்கள். "ஓட்டு மெஷின்ல கை வச்சுட்டாங்க" என்பது சரிபார்க்கக்கூடிய கூற்று. அதற்கு 4, 5-ம் பதில்கள் இருக்கின்றன, கோபம் தேவையில்லை. எந்தச் சாவடி என்று கேட்டால் போதும். "இந்தக் கட்சி வந்தால் நம் மொழிக்கு ஆபத்து", "அந்தக் கட்சி நம்பிக்கையை அவமதிக்கிறது" என்பவை மதிப்பீடுகள். அவற்றை எண்களால் தோற்கடிக்க முடியாது. அவருக்கு எது நடந்து இந்த எண்ணம் வந்தது என்று கேளுங்கள். அப்பா தலைமுறையில் பலருக்குக் கட்சி என்பது முதல் வேலை, முதல் ரேஷன் அட்டை, சேர்ந்து சிறைபோன நண்பர்கள்.

முதல் வாரத்தில் தோற்ற பக்கத்தாரிடம் "இப்பவாவது புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். இது கட்சி சார்பற்ற அறிவுரை.

13. "சாதியும் மதமும் பார்த்து ஓட்டுப் போட்டவங்களை நான் எதுக்கு மதிக்கணும்?"

சாதி, மதத்தின் பேரில் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. வேட்பாளருடைய மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தடை கேட்பவர்மீது. போடுபவர் மனதுக்குள் என்ன காரணம் வைத்திருக்கிறார் என்று சட்டம் எட்டிப்பார்ப்பதில்லை.

நீங்கள் மதிக்க வேண்டியது அந்தக் காரணத்தை அல்ல; அவருக்கும் உங்களுக்கும் ஒரே ஒரு வாக்கு என்ற நிலையை. காரணத்தை முகத்துக்கு நேரே மறுக்கலாம். தவிர, சாதி ஓட்டு என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, "காவல் நிலையத்துக்குப் போனால் இவர் வருவார்" என்ற கணக்கு. அந்தக் கணக்கை மாற்றாமல் வாக்கை மாற்றமுடியாது. எல்லை எங்கே என்றால், அந்த நம்பிக்கை இன்னொருவர் குடியிருப்பதை, நடப்பதை, வாக்களிப்பதைத் தடுக்கக் கிளம்பும் இடம். அதற்குப் பிறகு பேச்சு இல்லை, புகார்தான்.

14. "அபார்ட்மென்ட் குழுவுக்கு நான் அட்மின். தினம் சண்டை."

எண்ணும் நாளுக்கு முந்தைய நாளே அறிவித்துவிட்டு, அட்மின் மட்டும் பதிவிடும் அமைப்புக்கு மூன்று நாள் மாற்றுங்கள். தண்ணீர் லாரி, லிஃப்ட் செய்தி மட்டும் போகட்டும். எந்தப் பக்கத்துப் பதிவையும் தேர்ந்தெடுத்து நீக்காதீர்கள். நீக்கினால் எல்லாவற்றையும் நீக்குங்கள். பெயர் சொல்லி மிரட்டல் வந்தால் திரைப்பதிவு எடுத்தபிறகு நீக்குங்கள்.

15. "ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கும் இதேதானா?"

அமைப்பு வேறு. நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது, வழக்கு மாவட்ட நீதிபதியிடம் போகும். வித்தியாசம் சில பத்து வாக்குகளாக இருக்கும், தோற்றவரும் ஜெயித்தவரும் பங்காளிகளாகவே இருப்பார்கள். அதனால் 10-ம் பதில் இங்கே இன்னும் கூர்மையாகப் பொருந்தும். கோயில் வரி, முதல் மரியாதை போன்றவற்றைத் தேர்தல் முடிவோடு முடிச்சுப்போட விடாதீர்கள். அங்கே தொடங்கும் பிளவு அடுத்த தேர்தலோடு முடிவதில்லை.

16. "நாங்க ஜெயிச்ச பக்கம். எங்களுக்கு ஏதாவது இருக்கா?"

ஊர்வலத்துக்குக் காவல் அனுமதி வாங்கும்போதே, தோற்ற வேட்பாளரின் வீடும் எதிர்க்கட்சி அலுவலகமும் வராத பாதையை எழுதிக்கொடுங்கள். வெடி வைத்த இடத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள். 17-சி நகல்களைத் தூக்கிப் போடாதீர்கள்: 45 நாளுக்குள் மனு வந்தால் உங்களுக்கும் அதுதான் ஆதாரம். தேர்தல் செலவுக் கணக்கை 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். இது தோற்றவர்களுக்கும் உண்டு. தகுந்த காரணமின்றித் தவறினால் மூன்றாண்டு தகுதியிழப்பு வரும்.